கை முகத்தைக் கடக்கும் நேரம்

யுத்த காலத்தில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிரிக்கக் கூடாதென்று தெரிந்துகொண்டே வந்தார்கள். அடையாள அட்டைக்குப் படம், பயணப் பாஸுக்குப் படம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இராணுவம் கேட்கும் குடும்பப் படம். சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் கதிரையில் இருத்தி, நாடியைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி, ஒரே மாதிரி முகங்களை எடுத்து எடுத்து எனக்கு முகங்களிலேயே வெறுப்பு வந்திருந்தது. அண்ணன் கட்டாருக்குப் போனபின் ஆரையம்பதியில் அந்தக் கடையை நான்தான் நடத்தினேன். அதற்கு முன்பும் இருட்டறை வேலை முழுக்க என்னுடையதுதான். பெயர்ப்பலகையில் மட்டும் அண்ணன். பொம்பிளை படம் எடுப்பதா என்று மூக்கில் விரல் வைத்தவர்கள், சோதனைச் சாவடியில் அட்டை கேட்கத் தொடங்கியதும் விரலை எடுத்துவிட்டு வரிசையில் வந்து நின்றார்கள்.

என் தம்பி மேசன் வேலை செய்தான். சுவர் கட்டாத நேரமெல்லாம் சிலம்பம். எங்கள் பக்கத்து விளையாட்டில் கம்பின் இரண்டு நுனியிலும் துணி சுற்றி, எண்ணெயில் குழைத்த குங்குமத்தில் தோய்த்துக்கொள்வார்கள். ஓங்கி அடிப்பதில்லை, தொடுவதுதான். எதிராளியின் வெள்ளைப் பெனியனில் யார் அதிகம் பொட்டு வைக்கிறாரோ அவர் வென்றவர். விளையாடி முடித்து வீடு வரும் தம்பியின் பெனியனைத் தோய்ப்பது அம்மாவின் தலையெழுத்து. சவர்க்காரம் தேயத் தேய அவனைத் திட்டுவார்.

காத்தான்குடி எங்களுக்கு அடுத்த ஊர், முஸ்லிம் ஊர். ஒரு வீட்டு வளவு முடிந்து மற்ற வளவு தொடங்குவது போலத்தான் இரண்டு ஊரும் கிடக்கின்றன. ஆனால் நான் சொல்லும் ஆண்டுகளில் நடுவில் இராணுவம் காவல் நிற்கும் ஒரு சென்ரி இருந்தது, அதைவிடப் பெரிதாகப் பயம் இருந்தது. அவர்களிலும் செத்திருந்தார்கள், எங்களிலும் செத்திருந்தார்கள். பட்டப்பகலில் வேலைக்காகப் போய் வருவார்கள். கதைத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

அப்படி வேலைக்குப் போன இடத்தில்தான் தம்பிக்கு ஒரு காக்காவைத் தெரிய வந்தது. முஸ்லிம் ஊர்களில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கைத்தறி போட்டு இடுப்பில் கட்டும் சாரம் நெய்கிறவர், நாற்பது வயதிருக்கும். அவருடைய தறிக் கொட்டிலுக்குச் சுவர் வைக்கப் போன தம்பி, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவர் முற்றத்தில் சீனடி ஆடிக் காட்டியதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக் கூடத்தில் குதித்துக் குதித்து எங்களுக்குச் செய்து காட்டினான். சீனடி முஸ்லிம் ஆட்களின் அடிமுறை. எங்கள் ஆட்டம் கம்பில் இருக்கிறது, அவர்களுடையது காலில் இருக்கிறது என்றான். அந்தக் காலையும் இந்தக் கம்பையும் சேர்த்தால் என்ன என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி கெட்டது.

வாவிக்கரையில் கண்டல் மரங்களுக்கு உள்ளே கொஞ்சம் வெறுந்தரை உண்டு. காக்கா பின்னேரங்களில் வீச்சுவலையோடு தோணியில் மீனுக்கு வருகிறவர் போல வந்து இறங்குவார். தம்பியும் அவனோடு ஆடும் இரண்டு மூன்று பேரும் தரை வழியாகப் போவார்கள். கொட்டு அடித்தால் சத்தம் கேட்கும் என்று வாயாலேயே தாளம் சொல்லி ஆடினார்கள். சில மாதங்களில் யாரும் முன்னே ஆடாத ஒரு வரிசையைக் கட்டியிருந்தார்கள். தொடக்கம் எங்கள் வணக்கம், முடிவு அவர்கள் சலாம், நடுவில் நடப்பது எதுவும் யாருடையது என்று சொல்ல முடியாது. அதைப் படம் எடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஆடுறவனுக்குத் தான் ஆடுறது தெரியிறல்ல தங்கச்சி," என்றார் காக்கா. "எப்பிடி இருக்கெண்டு ஒருக்காப் பாக்கணும். ஆனா என்ட முகம் மட்டும் விழக்கூடா."

ஏன் என்று கேட்டேன். எனக்கு எதையும் கேட்காமல் விடத் தெரியாது.

"என்ட தம்பிய சுட்டவனுகள்ற ஊரோட நான் விளையாடுறன் எண்டு சொல்லுவாங்க. எங்கட ஆக்கள் சொல்றதுக்கு முந்தி என்ட வீட்டிலயே சொல்லுவாங்க."

நான் கமெராவை உறையிலிருந்து எடுத்தேன்.

முகம் விழாமல் எடுப்பது சொல்ல லேசு. நான் போட்டிருந்த பிலிம் அடையாள அட்டைக்கு வாங்கிய கறுப்பு வெள்ளை. கலர் என்றால் கழுவ டவுனுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும், வழியில் எத்தனை கை பிரித்துப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளையை நானே கழுவலாம். ஆனால் வேகமாகச் சுற்றும் கம்பை அது பிடிக்காது. படத்தில் கம்பு புகையாகிவிடும். நிறுத்திவைத்து எடுக்கலாம் என்றால், நின்ற ஆட்டத்தில் ஆட்டமே இல்லை. ஒன்றும் செய்யாமல் வாய்த் தாளத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தாவது தட்டில் இரண்டு கம்பும் மோதி ஒரு கணம் நிற்கும். அதே கணத்தில் காக்காவின் முன்கை அவர் முகத்தைக் கடக்கும். கம்பும் தெளிவாக விழும், முகமும் மறைந்திருக்கும். அதுதான் எனக்கு வேண்டிய நேரம்.

அந்தக் கமெராவில் ஒரு கூத்து உண்டு. பொத்தானை அழுத்தும்போது உள்ளே கண்ணாடி எழும்பிக் கண் முன்னே இருட்டாகிவிடும். எடுக்கிறவள் எடுத்த கணத்தைப் பார்ப்பதேயில்லை. கழுவிப் பார்த்தால்தான் தெரியும். அன்று நான் வாயால் எண்ணி எண்ணி அழுத்தினேன். கழுவிப் பார்த்தபோது, என்னை நானே மெச்சிக்கொள்வதில் தவறில்லை, எந்தப் படத்திலும் காக்காவின் முகம் இல்லை.

அவற்றில் நல்லதாக நாலைந்தை அவருக்குக் கொடுக்க வேண்டுமென்று தம்பி சாமான் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். சென்ரியில் பையைக் கொட்டினார்கள், அவனையும் பிடித்து வைத்தார்கள்.

கறுப்பு வெள்ளையில் குங்குமம் கறுப்பாக விழும் என்பது எனக்குத் தெரியும். அது பார்க்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை, யாருமே யோசிக்கவில்லை. கண்டல் காட்டுக்குள் இளைஞர்கள். கையில் தடி. வெள்ளைப் பெனியனில் நெஞ்சிலும் வயிற்றிலும் கறுத்த கறை. எல்லாப் படத்திலும் முகத்தை மறைத்துக்கொண்ட ஒரு ஆள்.

என்னை இராணுவ முகாமுக்குக் கூப்பிட்டபோது நான் கமெராவையும் தூக்கிக்கொண்டு போனேன். அதைப் பறித்தாலும் பரவாயில்லை, ஒளித்தேன் என்று சொல்லக் கூடாது என்ற எண்ணம். முகாமுக்குப் பொறுப்பான பெரியவன் தமிழ் பேசினான். மேசையில் என் படங்களைச் சீட்டுக் கட்டுப் போலப் பரப்பியிருந்தான். படங்களைக் குறை சொல்லவில்லை. அவற்றில் ஒன்றைத் தொட்டு, "நல்லா எடுத்திருக்கு," என்றான். பிறகு அந்த முகமில்லாத ஆளின் மேல் விரலை வைத்தான்.

"இவன்தான் ட்ரெயினிங் குடுக்கிற ஆள். பேர் சொல்லு, தம்பிய விடுறன்."

தம்பியைக் கொண்டுவந்து சுவரோரம் இருத்தியிருந்தார்கள். வலது கை முழங்கையில் பூசணிக்காயளவு வீங்கியிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சைகை காட்டவில்லை, தலையாட்டவில்லை. நான் சொல்லாததை நீயும் சொல்லாதே என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரம். தம்பி மேல், அந்தக் காக்கா மேல், ஐந்தாவது தட்டைக் கண்டுபிடித்த என் மேல். பெயர் நாக்கு நுனியில்தான் இருந்தது. வாயைத் திறந்தால் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான் என்று ஒரு மனம் சொன்னது. திறந்தால் இரண்டு பேரும் உள்ளே இருப்பார்கள் என்று மற்ற மனம் சொன்னது.

"இது விளையாட்டு சேர். அது ரத்தமில்ல, குங்குமம்," என்றேன்.

"விளையாட்டுக்கு ஏன் முகத்த மறைக்கிற?"

அது குங்குமம்தான் என்று மறுபடியும் சொன்னேன். நாளைப் பின்னேரம் தம்பியை டவுன் பெரிய முகாமுக்கு அனுப்பிவிடுவேன், அதற்குப் பிறகு என்னைக் கேட்க வேண்டாம் என்றான். அங்கே போனவர்களைத் தேடி எத்தனை தாய்மார் என் கடையில் பழைய படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில், அவர்கள் பறிக்காமல் விட்ட கமெராவைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போகிறேன் என்று சென்ரியில் சொல்லிவிட்டுக் காத்தான்குடிக்குள் போனேன். நான் அதற்கு முன் தனியாக அங்கே போனதில்லை. தறிச் சத்தம் கேட்கும் ஒழுங்கைச் சந்துகளில் விசாரித்து விசாரித்துப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார்கள். கொட்டிலில் காக்கா தறியில் இருந்தார். என்னைக் கண்டதும் தறி நின்றது.

நான் சுற்றி வளைக்கவில்லை. "உங்கட முகத்தக் காப்பாத்தப் போய் என்ட தம்பி அடி வாங்கிக்கொண்டு கிடக்கான் காக்கா. பின்னேரம் அவனக் கொண்டுபோகப் போறாங்க," என்றேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "சொன்னானா?"

"சொல்லல்ல. சொல்லியிருந்தா நான் இஞ்ச வந்திருக்க மாட்டன்."

உள்வாசலில் அவருடைய மனைவி முக்காட்டைப் பற்களால் கடித்துக்கொண்டு நின்றார். "போகாதீங்க," என்றார் அவரிடம், என்னைப் பாராமலே. "ஒருத்தரப் பறிகுடுத்தது போதும். இனி ஊரும் நம்மளக் காறித் துப்பணுமா?" அந்தப் பெண் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நான் அவளாக இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

காக்கா என்னைப் போகச் சொன்னார். பின்னால் வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் திரும்பி நடக்கும்போது அவரை மனதுக்குள் மிக மோசமாக ஏசிக்கொண்டு வந்தேன். சென்ரியைத் தாண்டி முகாம் வாசலில் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. மத்தியானத்துக்குச் சற்று முன் பெரிய தெருவில் அவர் வருவது தெரிந்தது. தோணியில் இல்லை, ஒழுங்கை வழியாக இல்லை, நடுத் தெருவால் நடந்து வந்தார். கையில் இரண்டு கம்பு. சென்ரிக்காரன் துவக்கை நீட்டினான். அவர் கம்புகளைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"படத்தில முகமில்லாத ஆள் நான்தான்," என்று பெரியவனிடம் சொன்னார். தறி வைத்திருப்பது, எந்த ஒழுங்கை, யாருடைய மகன், எல்லாம் சொன்னார். ஏன் முகத்தை மறைத்தார் என்பதையும் சொன்னார். தன் தம்பி செத்ததைச் சொல்லும்போது குரல் மாறவில்லை.

பெரியவன் நம்பவில்லை. ஒரு முஸ்லிம் ஆள் எங்கள் பக்கம் வந்து விளையாடுகிறான் என்பது அவனுக்குக் கட்டுக்கதை போல இருந்திருக்கும். எங்களுக்கே அப்படித்தான் இருந்தது.

"அப்ப இஞ்ச விளையாடு," என்றான். "இந்த நோனா படம் எடுக்கட்டும். முகத்தோட ஒரு படம் எனக்கு வேணும்." நோனா என்றது என்னை.

முகாம் முற்றத்தில் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவனால் வலது கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியவில்லை. கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். குங்குமத்துக்கு எங்கே போவது? பெரியவனின் மேசையில் முத்திரை குத்தும் சிவப்பு மை இருந்தது. காக்கா கேட்டு வாங்கிக் கம்பு நுனித் துணியில் ஊற்றினார். சுற்றி நின்ற சிப்பாய்கள் துவக்கை இறக்கவில்லை. சிலம்பத்தில் ஒருவன் கம்பைத் திடீரென்று உயர்த்துவான், அது ஆட்டத்தின் இயல்பு. அந்த நேரத்தில் ஒரு சிப்பாயின் விரல் துள்ளினால் போதும்.

காக்கா வாயால் தாளம் சொல்லத் தொடங்கினார். வணக்கம் முடிந்து முதல் சுற்று. ஐந்தாவது தட்டில் என் விரல் தன் பாட்டில் அழுத்தியது. கண் முன்னே இருட்டு. எடுத்த பிறகுதான் உறைத்தது: முகம் வேண்டும் என்றவனுக்கு முகம் மறைகிற நேரத்தில் எடுத்திருக்கிறேன். அடுத்த சுற்றில் வேறு தட்டில் எடுக்க நினைத்தேன். நினைத்ததுதான் மிச்சம். வேறு எந்தத் தட்டிலும் கம்பு நிற்காது, அந்தப் பிலிமில் வேறு எதுவும் விழாது. மறுபடி ஐந்தாவது. மறுபடி இருட்டு. தம்பியின் பெனியனில் நெஞ்சுக்குக் கீழே சிவப்பு மை ஒரு பொட்டு வைத்திருந்தது. அதைப் பார்த்துப் பெரியவன் மேசைப் படத்தைக் கையில் எடுத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மெதுவா ஆடுற," என்றான் காக்காவிடம். "சரியா அடி."

காக்கா சரியாக வீசினார். மூன்றாவது சுற்று. நான்காம் தட்டில் தம்பியின் கால் தடுமாறியது, நோவா பசியா தெரியாது. இரவெல்லாம் நின்றிருந்த கால். ஐந்தாவது தட்டு வந்தது, என் விரல் அழுத்தியது, இருட்டாகியது. கண்ணாடி இறங்கி வெளிச்சம் வந்தபோது கம்பு மண்ணில் கிடந்தது. தம்பி காக்காவின் மேல் சாய்ந்திருந்தான்.

பெரியவன் உடனே கழுவிக் கொண்டுவரச் சொன்னான். ஒரு சிப்பாயையும் காக்காவையும் என்னோடு அனுப்பினான். தம்பி அங்கேயே இருந்தான். டவுனுக்குப் போகிற ட்ரக் வாசலில் வந்து நின்றிருந்தது.

இருட்டறைக் கதவைத் திறந்தால் எல்லாம் பாழ் என்று சிப்பாய்க்குச் சைகையில் காட்டினேன். அவன் தலையாட்டினான். உள்ளே பிலிமைச் சுருளில் ஏற்றவே நேரம் போனது. கழுவி எடுத்து, ஈரத்தோடு வெளியே கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். காக்கா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். நெகடிவ்வில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். பழகாதவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அவர் தறியில் துணியைப் பின்பக்கம் இருந்தே பார்த்துப் பழகியவர், விளங்கிக்கொண்டார்.

முதல் இரண்டிலும் கை முகத்தை மறைத்திருந்தது. மூன்றாவதில் அவர் கம்பை எறிந்துவிட்டு, விழப் போன தம்பியை இரண்டு கையாலும் கக்கத்துக்குள் ஏந்திப் பிடித்திருந்தார். மறைக்கக் கை இல்லை. முகம் முழுதாக என் பக்கம் திரும்பியிருந்தது. அடையாள அட்டைக்கு இருத்தி எடுத்திருந்தாலும் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்காது.

சிப்பாய்க்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் மெல்லத்தான் சொன்னேன். "ரெண்டாவதக் குடுக்கிறன் காக்கா. வேற விழல்ல எண்டு சொல்லுவன். மூணாவதக் கிழிச்சுப் போடுறன்."

அவர் நெகடிவ்விலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதிலயும் முகமில்லாட்டி மறுகா என்ன சொல்லுவான்?"

ட்ரக் முகாம் வாசலில் நிற்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் ஒளிச்சதுக்குத்தானே தம்பிக்கு அடி," என்றார். "இதக் குடுங்க. எனக்கும் ஒண்டு போடுங்க."

முன்பு அவரை ஏசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. நல்லவேளையாக இருட்டறைக்குள் போக வேண்டியிருந்தது. தட்டில் கிடந்த தாளில் முதலில் தம்பியின் பெனியன் பொட்டு கறுத்து வந்தது. பிறகு காக்காவின் தாடி, பிறகு கண்கள். சிப்பாய் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தான். காயவைக்க நேரமில்லை. இரண்டு படத்தையும் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு போனோம்.

பெரியவன் படத்தை மேசையில் வைத்து அதன் மேல் குனிந்து பார்த்தான்.

"இவன் உனக்கு யார்?" என்று காக்காவிடம் கேட்டான்.

"என்னோட விளையாடுற தம்பி."

பெரியவன் படத்தின் பின்னால் காக்காவின் பெயரையும் ஒழுங்கையையும் எழுதி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தான். கம்புகளையும் வைத்துக்கொண்டான். கூட்டிக்கொண்டு போ என்று என்னிடம் கையைக் காட்டினான்.

வாசலுக்கு வெளியே தம்பி என் தோளில் தொங்கிக்கொண்டு நின்றான். காக்கா அவன் வீங்கிய கையைத் தொடப் போய், நோகும் என்று விட்டுவிட்டார். அவருடைய மற்றக் கையில் அந்த ஈரப் படம்.

"சாரத்துக்குள்ள வையுங்க காக்கா," என்றேன். "சென்ரியில மறுகாப் பிடிப்பாங்க. சென்ரிய விடுங்க, அங்கால உங்கட ஆக்கள்."

"ஈரம் தங்கச்சி. மடிச்சா முகம் ஒட்டிப் பிஞ்சிரும்."

படத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். சென்ரிக்காரன் மறித்து எட்டிப் பார்த்தான், பிறகு போகச் சொன்னான். சென்ரிக்கு அப்பால் முதலில் ஒரு தேத்தண்ணிக் கடை. அவர் வருவதைக் கண்டு உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வெளியே வந்து தெருவில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. தம்பியின் உடம்பு என் தோளில் இறுகியது.

காக்கா நின்றார். படத்தை நெஞ்சுக்கு நேராக உயர்த்தி, அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.